விதை யாருக்குச் சொந்தம்? நாட்டு ரகம், பதிவு, மரபணு வங்கி, பரிமாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டு ரகங்களைக் கைவிடாமல் வைத்திருக்கும் விவசாயிகளும், விதைத் திருவிழா நடத்துபவர்களும், ஊராட்சிப் பல்லுயிர்க் குழுக்களில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம் சொல்வதையும் வயலில் நடப்பதையும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

தாவர மரபு வளம் என்று எதைச் சொல்கிறார்கள்?

விதை, கிழங்கு, கன்று, ஒட்டுக்குச்சி என்று அடுத்த தலைமுறையை உண்டாக்கக்கூடிய எதுவும் இதில் அடங்கும். நாட்டு ரகங்கள், ஆராய்ச்சி நிலைய ரகங்கள், பயிர்களுக்கு உறவான காட்டுச் செடிகள் எல்லாமே இதில் சேரும்.

இதன் மதிப்பு வெளியே தெரியாது. 1970களில் நெல்லைப் புல்தழைக் குட்டை நோய் தாக்கியபோது, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. நோயைத் தாங்கும் குணம் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா பக்கம் எடுத்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில்தான் இருந்தது. ஆசியா முழுவதும் பரவிய ஐ.ஆர்.36 அந்தக் குணத்தைச் சுமந்த ரகம். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ இன்னொரு உதாரணம். இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் குணம் அதிலிருந்துதான் 2009-ல் வெளியான ஸ்வர்ணா-சப்1 ரகத்துக்கு வந்தது. மற்றபடி மகசூல் குறைந்த நெல் என்று யாரும் சீந்தாமல் விட்டிருக்கக்கூடிய ரகம் அது.

விதை எல்லாருக்கும் பொதுவாகத்தானே இருந்தது? எப்போது மாறியது?

நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு நிலையம், ஆலைக் கரும்பை நாணல் வகைக் காட்டுக் கரும்போடு சேர்த்து 1918-ல் கோ 205 ரகத்தை வெளியிட்டது. அதன் பின் வந்த கோ கரும்புகள் பல நாட்டு வயல்களுக்கும் போயின, அந்நாட்டு ரகங்களுக்குத் தாயாகவும் ஆயின.

1961-ல் ஐரோப்பிய நாடுகள் சில, புது ரகம் உருவாக்கியவருக்குத் தனியுரிமை தரும் யூபோவ் உடன்படிக்கையைக் கொண்டுவந்தன. இங்கேதான் சமன் குலைந்தது. வளரும் நாடுகளிலிருந்து போன நாட்டு விதை 'மனித குலத்தின் பொதுச் சொத்து', அதை வைத்து பணக்கார நாடுகளில் உருவான ரகம் தனிச் சொத்து என்றானது. 1983-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்தில் ஏற்பட்ட உடன்பாடு எல்லாவற்றையும் பொது என்று சொல்லிப் பார்த்தது, எடுபடவில்லை. 1992-ன் பல்லுயிர் உடன்படிக்கை நேர் எதிர்த் திசையில் போய், மரபு வளம் அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்றது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்ததும், பயிர் ரகங்களுக்குக் காப்புரிமையோ வேறு தனிச் சட்டப் பாதுகாப்போ தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் சேர்ந்தது. இந்தியா தனிச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. அதுதான் 2001-ன் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். ரகம் உருவாக்குபவரின் உரிமையையும் உழவரின் உரிமையையும் ஒரே சட்டத்தில் எழுதிய நாடுகள் மிகக் குறைவு. அந்த வகையில் இது பெருமைப்பட வேண்டிய சட்டம்.

பதிவு பெற்ற ரகத்தின் விதையை நான் எடுத்து வைக்கலாமா, மாற்றிக்கொள்ளலாமா, விற்கலாமா?

மூன்றும் செய்யலாம். சட்டத்தின் 39-வது பிரிவு, சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. தடை ஒன்றே ஒன்று: 'பிராண்டு' விதையாக விற்கக்கூடாது. பையிலோ டப்பாவிலோ போட்டு, இது பாதுகாக்கப்பட்ட இன்ன ரகம் என்று தெரியும்படி லேபிள் ஒட்டி விற்பதைத்தான் சட்டம் பிராண்டு என்கிறது. சாக்கில் அளந்து பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுப்பது அதில் வராது.

1966-ன் விதைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உழவர் தன் வயலில் விளைந்த விதையை, தன் இடத்திலேயே வைத்து, விதைக்கப் போகிறவருக்கு நேரடியாக விற்றால் அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 24-வது பிரிவு சொல்கிறது. வெளியூர்த் திருவிழாவில் கடை போட்டு விற்பதும், கூரியரில் அனுப்பி வியாபாரமாகவே செய்வதும் 'தன் இடத்தில்' என்ற சொல்லுக்குள் தெளிவாக அடங்குவதில்லை. தொடர்ந்து வியாபாரம் செய்வதென்றால் விதை விற்பனை உரிமம் எடுத்துவிடுங்கள்.

வீரிய ஒட்டு விதையைப் பொறுத்தவரை சட்டம் தடுக்கவில்லை, செடிதான் தடுக்கிறது. அதிலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைத்தால் பெற்றோர் குணங்கள் பிரிந்து, வயல் ஒரே சீராக வராது.

அப்படியானால் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது எப்படி வழக்குப் போட்டார்கள்?

சிப்ஸுக்கென்றே வந்த எஃப்.எல்.2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்தை பெப்சிகோ 2016 பிப்ரவரியில் இந்தியாவில் பதிந்தது. 2019-ல் குஜராத்தில், தன்னோடு ஒப்பந்தம் இல்லாமல் அந்த ரகத்தைப் பயிரிட்டதாகச் சில விவசாயிகள் மீது வழக்குத் தொடர்ந்தது. நான்கு சிறு விவசாயிகளிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு எழவே, அந்த ஆண்டு மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது.

கவிதா குருகன்டி என்ற செயற்பாட்டாளர் அதோடு விடாமல் பதிவையே ரத்து செய்யக் கோரினார். விண்ணப்பத்தில் முதல் விற்பனைத் தேதி தவறு, உரிமை மாற்ற ஆவணம் சரியில்லை என்பன போன்ற காரணங்களைச் சொல்லி, 2021 டிசம்பரில், இந்தச் சட்டப்படி ரகங்களைப் பதியும் ஆணையம் பதிவை ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2023 ஜூலையில் அதை ஏற்றார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்தை நீக்கி, நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இதைப் படித்துவிட்டு, உழவர் உரிமை பறிபோய்விட்டது என்று பலர் எழுதினார்கள். அது சரியல்ல. பதிவு செல்லுமா என்பது ஒரு கேள்வி, பதிவு இருந்தாலும் உழவர் விதைக்கலாமா என்பது வேறு கேள்வி. 2024 தீர்ப்பு முதல் கேள்வியைப் பற்றியது. 39-வது பிரிவில் எதுவும் மாறவில்லை. ரகத்துக்குப் பாதுகாப்பு இருப்பது தெரியாமல் பயிரிட்ட உழவரைப் பொறுப்பாக்கக் கூடாது என்னும் 42-வது பிரிவும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் உரிமை தாளில் இருந்தும், கோடி ரூபாய் நோட்டீஸ் வந்ததும் அந்தக் குடும்பங்கள் எத்தனை இரவு தூங்கியிருக்க முடியும்? உழவருக்கு எதிரான வழக்கை ஆரம்பத்திலேயே வடிகட்டும் ஏற்பாடு ஒன்று சட்டத்தில் வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எங்கள் ஊர் நாட்டு நெல்லை உழவர் ரகமாகப் பதிய என்ன செய்ய வேண்டும்?

தனி உழவராகவோ, குழுவாகவோ, ஊர்ச் சமூகமாகவோ விண்ணப்பிக்கலாம். குழுவாகப் போவது நல்லது. பத்துக் குடும்பம் வைத்திருக்கும் நெல்லை ஒருவர் பெயரில் பதிந்தால் ஊருக்குள் மனக்கசப்பு வரும். பிறர் ஆட்சேபம் தெரிவிக்கவும் இடமாகும்.

உழவர்களுக்கு விண்ணப்பம் முதல் நீதிமன்றம் வரை எந்தக் கட்டணமும் கிடையாது, 44-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. பணம் கேட்கும் இடைத்தரகரை அங்கேயே நிறுத்திவிடலாம்.

விண்ணப்பப் படிவத்தோடு உழவர் ரகத்துக்கான இணைப்புப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். ஊராட்சிப் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மாவட்ட வேளாண் அலுவலர், மாநில வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர், மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலர் ஆகியோரில் ஒருவர் சான்று தர வேண்டும். வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனால் படிவம் நிரப்ப உதவுவார்கள். ஒருமுறை நேரில் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது.

விதை அனுப்பச் சொல்வார்கள். நெல்லுக்குப் பொது அளவு 3 கிலோ, உழவர் ரகத்துக்கு அதில் பாதி. விதை நன்கு காய்ந்து, முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லியோ வேறு மருந்தோ கலக்காமல் அனுப்புங்கள். விண்ணப்பம் தேங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சிமெண்டுத் தரையில் உச்சி வெயிலில் காய வைத்த விதையில் கரு வெந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், முளைக்காது. காலையிலும் பின் மாலையிலும் காய வைத்து, பகல் 12 முதல் 3 மணி வரை மூடி வையுங்கள். அனுப்புவதற்கு முன் 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள்.

பிறகு வயல் சோதனை. மற்ற ரகங்களுக்கு இரண்டு பருவம் என்றால் உழவர் ரகத்துக்கு ஒரே பருவம், இரண்டு இடங்களில். நெல்லில் 62 குணங்களைப் பார்க்கிறார்கள். இலையுறையின் அடி பச்சையா ஊதாவா, சூல்முடி என்ன நிறம், நெல்லுக்கு மீசை உண்டா, உமி என்ன நிறம், அரிசி என்ன நிறம் என்று போகும். இதையெல்லாம் நீங்களும் உங்கள் வயலில் பார்த்து முன்பே எழுதி வைத்திருந்தால், சோதனை வயலில் வேறு நெல் மாறி நின்றிருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

சோதனையில் தேறினால் ஆணையத்தின் இதழில் விளம்பரம் வரும். மூன்று மாதம் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பதிவு கிடைக்கும். நெல் போன்ற பயிர்களுக்கு மொத்தம் 15 ஆண்டு, மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு. இடையில் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

நாட்டு நெல் என்றாலே கலப்பாகத்தானே இருக்கும்? 'ஒரே சீராக' இருக்க வேண்டும் என்று எப்படிக் கேட்கலாம்?

இந்தச் சட்டத்தின் மீது வைக்கப்படும் விமர்சனங்களில் மிக நியாயமானது இதுதான். தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை என்ற மூன்று அளவுகோலும் ஆராய்ச்சி நிலையத்தின் தூய ரகத்துக்காகச் செய்யப்பட்டவை. நாட்டு ரகம் ஒரு கூட்டம். அதில் இரண்டு நாள் முந்திப் பூப்பதும் இருக்கும், ஒரு சாண் உயரம் கூடியதும் இருக்கும். மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதோ ஒரு பகுதி பிழைத்து விளைச்சல் தருவது அந்தக் கலவையால்தான்.

விதிகள் இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கின்றன. உழவர் ரகத்துக்குப் புதுமை தேவையில்லை. ரகத்தோடு ஒத்துப்போகாத கலவன் செடிகளின் வரம்பும் மற்ற ரகங்களைப் போல இரண்டு மடங்கு. ஆனாலும் பதிவு கிடைக்க வேண்டும் என்பதற்காக, சீராகத் தெரியும் நான்கைந்து கதிரை மட்டும் பொறுக்கிப் பெருக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவு கிடைத்ததும், பன்மை குறுகிப்போன அந்த விதையே ஊர் முழுக்கப் பரவுகிறது. காப்பாற்ற நினைத்த பன்மை அந்த இடத்திலேயே போய்விடுகிறது.

இரண்டு பாத்தி வையுங்கள். பதிவுக்கான பாத்தியில் கலவன் நீக்குங்கள். ஊர் விதைக்கான பாத்தியில், வேறு ரகம் என்று தெளிவாகத் தெரிவதை மட்டும் பிடுங்கிவிட்டு, மற்றதில் குறைந்தது 50, 60 செடிகளிலிருந்து, பார்த்துப் பொறுக்காமல் வரிசைக்கு வரிசை நடந்து, செடிக்கு ஒரு கதிர் எடுங்கள். கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து அளவில் உள்ள குணங்களும் பெரும்பாலும் தப்பாமல் வந்துவிட இந்த எண்ணிக்கை போதும்.

பதிந்தால் பணம் வருமா?

உடனே வராது. பதிவு பெற்ற ரகத்தைப் பெற்றோராக வைத்து ஒரு நிறுவனம் புது ரகம் பதிந்து விற்கும்போது, அந்த வருமானத்தில் பங்கு, அதாவது பலன் பகிர்வு, கேட்டு ஆணையத்திடம் போகலாம். அந்தத் தொகை தேசிய மரபணு நிதி வழியாக வரும். நிறுவனம் தன் விண்ணப்பத்தில் பெற்றோர் ரகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும், மறைத்தால் பதிவே போகலாம். ஆனால் அது உங்கள் ஊர் நெல்தான் என்று காட்ட, உங்கள் பெயரில் ஏதாவது ஒரு பதிவோ ஆவணமோ இருக்க வேண்டுமல்லவா? பதிவின் உண்மையான பயன் அங்கேதான். இப்போதைக்குக் கைக்கு வரும் பணம் என்றால், ரகங்களைக் காக்கும் சமூகங்களுக்கு ஆணையம் தரும் 10 லட்ச ரூபாய் விருதும், தனி உழவர்களுக்கான 1.5 லட்ச ரூபாய் விருதும்தான்.

வெளிநாட்டு நிறுவனம் நம் நெல்லுக்குக் காப்புரிமை எடுத்துவிட முடியுமா?

இந்தியாவில் முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடி, விதை, ரகம் எதற்கும் காப்புரிமை தராது. வெளிநாட்டில் முயன்றிருக்கிறார்கள். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. ரைஸ்டெக் நிறுவனம் 1997-ல் 20 கோரிக்கைகளோடு பாஸ்மதி காப்புரிமை பெற்றது. இந்தியா எதிர்த்தபின் அதன் சொந்த ரகங்களைச் சார்ந்த சில கோரிக்கைகளே மிஞ்சின.

மெக்சிகோவின் மஞ்சள் பீன்ஸ் கதை இன்னும் கசப்பானது. 1994-ல் அங்கே வாங்கிய ஒரு பை பீன்ஸிலிருந்து எடுத்த ரகத்துக்கு, 'எனோலா' என்ற பெயரில் ஓர் அமெரிக்கர் 1999-ல் காப்புரிமை பெற்று, மெக்சிகோ பீன்ஸை இறக்குமதி செய்தவர்களிடம் பணம் கேட்டார். கொலம்பியாவிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையம் விதைகளைச் சேமித்து வைக்கும் தன் மரபணு வங்கியில் இருந்த மஞ்சள் பீன்ஸ்களைக் காட்டி வழக்காடியது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமையை முழுவதும் தள்ளுபடி செய்யப் பத்து ஆண்டு ஆனது. அதற்குள் மெக்சிகோ விவசாயிகளின் சந்தை அடி வாங்கிவிட்டது.

இந்த வழக்குகளில் வென்று கொடுத்தது தேதி போட்டு எழுதி வைத்த ஆவணமும், வங்கியில் எண் போட்டு வைத்த விதையும்தான்.

புவிசார் குறியீடு வாங்கினால் போதாதா?

போதாது. அது பெயரைக் காக்கும், விதையைக் காக்காது. வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கும் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-ல் குறியீடு கிடைத்தது. அந்த விதையை வேறு மாவட்டத்தில் விதைப்பதையோ, அதிலிருந்து புது ரகம் உருவாக்குவதையோ குறியீடு தடுக்காது. விளைந்ததை அந்தப் பெயரில் விற்பதை மட்டுமே தடுக்கும்.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எங்கள் ரகங்களை எழுதலாமா? எழுதினால் திருடர்களுக்கு வழி காட்டுவது போல் ஆகிவிடாதா?

ரகத்தின் பெயர், வயது, மண், நிறம், எந்தக் கிராமத்தில் இருக்கிறது என்பதைத் தயங்காமல் எழுதுங்கள். 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் இந்தப் பதிவேடும் இருக்க வேண்டும். சென்னை தரமணியில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம்தான் இதற்கு மேல் அமைப்பு. மருந்துக்கான பக்குவம், எந்த இலையை எதோடு எந்த அளவில் சேர்ப்பது என்பது போன்ற நுணுக்கங்களை எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் எழுத வேண்டாம்.

பல ஊர்ப் பதிவேடுகளில் 'நெல், 5 வகை' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அதனால் பயனே இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு நெல் இருக்கும், ஒரே நெல்லுக்கு இரண்டு பெயரும் இருக்கும். ஒவ்வொரு ரகத்துக்கும் உள்ளூர்ப் பெயர், விதை எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு வந்தது, விதைக்கும் மாதம், அறுக்கும் மாதம், உயரம், மீசை, உமி நிறம், அரிசி நிறம் ஆகியவற்றை எழுதி, ஒரு கதிரை அளவுகோலோடு வைத்து எடுத்த படத்தையும் சேர்த்தால், நாளை வழக்கு என்று வந்தால் அந்தப் பக்கம் பேசும்.

64 பயிர்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் என்கிறார்களே, அது என்ன? அதில் விவசாயிக்கு என்ன?

ஐ.ஆர்.8 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாய் ரகம், இந்தோனேசியாவின் பேட்டா. அந்தப் பேட்டாவின் பெற்றோரில் ஒன்று வங்காளத்து லதிசைல். தந்தை, தைவானின் குட்டை நெல் டீ-ஜியோ-வூ-ஜென். ஒரு ரகத்துக்கு இத்தனை நாடு என்றால், ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு விதை வாங்கிக் காரியம் ஆகாது. அதனால் 2001-ல் ஏற்று 2004-ல் நடைமுறைக்கு வந்த தாவர மரபு வள ஒப்பந்தம், 35 உணவுப் பயிர்களையும் 29 தீவனப் பயிர்களையும் ஒரு பொதுக் குளத்தில் வைத்தது. நெல், கம்பு, கேழ்வரகு, துவரை, கத்தரி, வாழை, தென்னை அதில் உண்டு. சோயா, நிலக்கடலை, தக்காளி, கரும்பு இல்லை. தினை, சாமை, வரகும் இல்லை.

குளத்திலிருந்து விதை எடுப்பவர் ஒரே மாதிரியான பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த விதையிலிருந்து ரகம் உருவாக்கி, மற்றவர்கள் அதை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாதபடி காப்புரிமையால் அடைத்தால், விற்பனையில் 1.1 சதவீதம், அதில் 30 சதவீதக் கழிவு போக 0.77 சதவீதம் பொது நிதிக்குக் கட்ட வேண்டும். ஓட்டை இங்கேதான். காப்புரிமை இல்லாமல் வெறும் ரகப் பாதுகாப்போடு விற்றால் கட்டாயம் இல்லை, மனமிருந்தால் தரலாம். ஒரு ரகம் சந்தைக்கு வரவே பத்துப் பதினைந்து ஆண்டாகும். அதனால் நிதிக்கு நிறுவனங்களிடமிருந்து எதிர்பார்த்த பணம் வரவில்லை. எல்லாப் பயிர்களையும் சேர்த்து, விதை எடுக்கும் நிறுவனங்களிடம் சந்தா வாங்கலாம் என்ற பேச்சு 2013-ல் தொடங்கி, 2019-ல் ரோமில் முறிந்து, 2022-ல் டெல்லிக் கூட்டத்தில் மறுபடி தொடங்கியது. பணம் வரும் வழி உறுதியாகாமல் மீதிப் பயிர்களையும் குளத்தில் போடுவது நமக்கு நல்லதல்ல.

மரபணுக் கோவையைக் கணினியில் இறக்கிக்கொண்டால் விதையே கேட்க வேண்டியதில்லை, ஒப்பந்தமும் வேண்டியதில்லை என்பது இப்போதைய பெரிய சண்டை. கொலம்பியாவின் காலி நகரில் 2024-ல் நடந்த பல்லுயிர் உடன்படிக்கைக் கூட்டத்தில், இத்தகைய தகவலால் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ காலி நிதிக்குத் தரலாம் என்று முடிவானது. 'தரலாம்'தான், 'தர வேண்டும்' இல்லை.

மரபணு வங்கியில் கொடுத்த விதை அரசுக்குச் சொந்தமாகிவிடுமா?

வங்கி காவலாளி, உரிமையாளர் அல்ல. ஆனால் காவலாளி யாரோடு கைகுலுக்குகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெல் விஞ்ஞானி ஆர்.எச்.ரிச்சாரியா சத்தீஸ்கர் பகுதியில் சேகரித்த பல்லாயிரம் நெல் ரகங்கள் ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்தன. 2002-ல் அவற்றை வைத்து சின்ஜென்டா என்ற பன்னாட்டு விதை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும் முயற்சி வெளியே தெரிந்து போராட்டம் வெடித்தது. நிறுவனம் பின்வாங்கியது.

டெல்லியில் தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தின் வங்கியில் நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் மைனஸ் 18 டிகிரியில் இருக்கின்றன. இலங்கையில் கன்னொறுவையில் ஒரு தேசிய நிலையம் உண்டு. உலக நாடுகளின் விதைகளைக் காக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகம் 2008-ல் திறந்தது. அங்கே வைக்கும் பெட்டியை வைத்தவர் மட்டுமே திரும்ப எடுக்க முடியும். சிரியாவின் அலெப்போவில் போரால் வங்கியை இழந்த இகார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்தான் 2015-ல் முதன்முதலில் எடுத்தது.

தென்னை, மா, பலா விதைகளைக் காய வைத்து உறைய வைத்தால் செத்துவிடும். வாழைக்கு விதையே இல்லை. இவற்றைத் தோப்பாகவோ திசுவாகவோதான் காக்க முடியும்.

ஊரிலேயே விதை வங்கி வைக்க என்ன தேவை?

விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. எனவே குளிர்பெட்டியை விட காய வைப்பது முக்கியம். நெல்லைக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய வைத்த சூட்டோடு டிரம்மில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஓர் இரவு நிழலில் ஆறவிட்டு மூடுங்கள். தென்மாவட்டங்களில் வைக்கோற்புரி சுற்றி, சாணம் மெழுகிக் கட்டும் விதைக்கோட்டை ஓர் ஆண்டுக்கு நன்றாகத் தாங்கும். அதற்கு மேல் வைக்க காற்றுப் புகாத டப்பா வேண்டும்.

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும், அடுத்த ரகத்துக்கு 3 மீட்டர் இடைவெளி போதும். கம்பு அப்படியில்லை, பல நூறு மீட்டர் தள்ளியிருந்தாலும் மகரந்தம் வந்து சேரும். இரண்டு கம்பு ரகம் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றாக மாற்றி விதையுங்கள்.

கணக்குப் புத்தகம் அவசியம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய திருவிழாவில் 2 கிலோ வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இரட்டிப்பு விதையால்தான் ரகங்கள் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் போயின.

வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு விதை அனுப்பலாமா? அங்கிருந்து கன்று கொண்டுவரலாமா?

சும்மா கவரில் போட்டு அனுப்பாதீர்கள். பயிர் நலச் சான்று வேண்டும், சென்னை மீனம்பாக்கத்தில் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கோ வியாபாரத்துக்கோ வெளிநாட்டவர் கேட்டால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். கொண்டுவருவதில் இன்னும் கவனம் தேவை. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்த வாழை முடிக்கொத்து நோய், பின்னாளில் கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழைத் தோட்டங்களை அழித்துப் போட்டது. நோயுள்ள கன்று பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

வங்கியிலிருந்து 5 கிராம் நெல்தான் கிடைத்தது. இதை வைத்து என்ன செய்வது?

5 கிராமில் 200 முதல் 250 நெல் இருக்கும். அத்தனையையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள், பாதியை அடுத்த பருவத்துக்கு வையுங்கள். மீதியை வீட்டருகே தட்டில் நாற்றுவிட்டு, 12 முதல் 15 நாளில் குத்துக்கு ஒரே நாற்றாக 25 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். 100 செடிக்குச் சுமார் ஆறேகால் சதுர மீட்டர், ஒரு கட்டில் விரிப்பு இரண்டு மூன்று சேர்ந்த இடம்தான். கதிர் பால் பிடித்ததும் சிட்டுக்குருவியும் எலியும் முதலில் தேடி வருவது இந்தச் சிறு பாத்தியைத்தான். கொசுவலை கட்டுங்கள். செடிக்கு 15, 20 கிராம் என்றாலும் ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும் என்பதால், இரண்டாம் பருவத்தில் முக்கால் ஏக்கர் நட்டுவிடலாம். அறுத்ததும் அரை கிலோவை வேறு ஊரில் வேறு குடும்பத்திடம் கொடுத்து வையுங்கள், உங்கள் வயலை வெள்ளம் கொண்டுபோனால் விதை அங்கே இருக்கும்.